கன்னி நாய் மூணாவது மாடி ஃபிளாட்ல வளருமா? சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் வச்சிருக்கவங்க கொஞ்சம் சொல்லுங்க

மாடிவீடு_மேடவாக்கம்:

வணக்கம் எல்லாருக்கும். வீட்டுக்காரர் சைடுல கோவில்பட்டி பக்கம் சொந்தக்காரங்க இருக்காங்க, அவங்க வீட்டு கன்னி நாய் குட்டி போட்டிருக்கு, ஒரு பொட்டைக்குட்டிய உங்களுக்குன்னு ஒதுக்கி வச்சிருக்கோம் வந்து தூக்கிட்டுப் போங்கன்னு ஃபோன் மேல ஃபோன். எங்க வீடு மேடவாக்கம், மூணாவது மாடி, ரெண்டு பெட்ரூம், லிஃப்ட் இருக்கு. பையன் ஆறாவது படிக்கிறான், அவன் இப்பவே பேர் வச்சுட்டான். மாமியார் வேட்டை நாயை வீட்டுக்குள்ள அடைச்சா பாவம்ங்கறாங்க, அசோசியேஷன்ல கடிக்கிற ஜாதியான்னு கேக்கறாங்க. யூடியூப்ல ஒருத்தர் இது காட்டுப்பன்னியவே சாய்க்கும்ங்கறார், இன்னொருத்தர் நாள் பூரா தூங்கும்ங்கறார். நிஜமா வச்சிருக்கவங்க சொல்லுங்க. சாப்பாடு, நடை, ஊசி எல்லாம் எப்படி? கன்னியும் சிப்பிப்பாறையும் ஒண்ணா வேறயா? இன்னும் சரின்னு சொல்லல.

பெரம்பூர்_லோகோ:

வாங்க மேடம். நம்ம வீட்ல ராஜபாளையம். நம்மூரு நாய்னா எல்லாமே ஒண்ணுன்னு நெனச்சுக்கறாங்க, அதான் யூடியூப்ல இந்தக் குழப்பம். ராஜபாளையம் கனமான ஆளு, பன்னி வேட்டைக்கும் காவலுக்கும் வளத்தது, வெள்ள உடம்பு, ரோஸ் மூக்கு, கேட்டாண்ட தெரியாத ஆள் நின்னா விடாது. 2005ல தபால்துறை நாலு இந்திய நாய்க்கு ஸ்டாம்ப் போட்டாங்களே அதுல தமிழ்நாட்டுலேர்ந்து போனது இதுதான். கோம்பை தேனி மாவட்டத்துக்காரன், கட்டையான உடம்பு, கருத்த மூஞ்சி, கோவக்காரன். நீங்க சொல்ற கன்னி இந்த ரெண்டும் இல்ல, அது ஓடற நாய். பன்னிய சாய்க்கும்னு சொன்னவர் எதையோ பாத்துட்டு எதையோ பேசறார். கரிசக்காட்டான் அண்ணன் வந்தா வெவரமா சொல்வாரு, கொஞ்சம் பொறுங்க.

புதுசா_வந்தவன்:

கன்னி சிப்பி ரெண்டும் ஒண்ணுதான் ப்ரோ, கலர் மட்டும்தான் வித்தியாசம்.

கரிசக்காட்டான்:

ஆபீஸ் முடிச்சு இப்பதான் பாத்தேன். தங்கச்சி, நான் சாத்தூர் பக்கத்து ஆளு, இப்ப தாம்பரத்துல இருக்கேன், வீட்ல ஒரு கன்னி இருக்கு, அதுக்கு முன்னாடி இருந்ததும் கன்னிதான். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க, ஏன்னா அந்த மண்ண புரிஞ்சுக்கிட்டா இந்த நாய்க்கு என்ன வேணும்ங்கறது பாதி தானா வெளங்கிரும்.

சாத்தூர், கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், இந்தச் சுத்துவட்டாரம் பூரா கரிசக்காடு. மானாவாரி வெள்ளாமை, மேட்டுல நின்னா அடுத்த ஊர் கோபுரம் தெரியும், நடுவுல மறைக்கறதுக்கு ஒண்ணும் கெடையாது, அங்கங்க உடைமரம் அவ்வளவுதான். அந்தக் காட்டுல முயல் இருந்துச்சு, முயல் கெளம்புனா காத்து. மலங்காட்டு நாய்னா மூக்க தரையில வச்சு மோந்து மோந்து போகும், இங்க அதுக்கெல்லாம் நேரமே கெடையாது, கண்ணால பாத்து அந்த நிமிஷமே ஓடணும். அதனால அப்படி ஓடறத மட்டும் வச்சு வச்சு வளத்திருக்காங்க. நீண்ட மூஞ்சி, ஆழமான நெஞ்சு, ஒட்டுன வயிறு, சாட்டை வால். முழு வேகத்துல ஓடறப்ப முன்காலும் பின்காலும் வயித்துக்கு அடியில ஒண்ணு சேரும்போது ஒரு தடவ, காலு நாலும் நீட்டும்போது ஒரு தடவ, ஆக ஒரு பாய்ச்சலுக்கு ரெண்டு தடவ நாலு காலும் தரையில இருக்காது. ஜோடியா விட்டா ஒண்ணு முயலுக்கு நேர் பின்னாடி போகும், இன்னொண்ணு முயல் திரும்பப் போற பக்கத்த கணிச்சு குறுக்க வெட்டும். யாரும் சொல்லிக் குடுத்து இல்ல.

வேட்டையும் நாயும் அந்தச் சீமையோட கதையிலயே கெடக்கு. பாஞ்சாலங்குறிச்சி கோட்டை அந்த எடத்துல எழும்புனதுக்கே, வேட்டைக்குப் போன நாய்களை ஒரு முயல் திரும்பி நின்னு வெரட்டுச்சு, அதப் பாத்துத்தான் இது வீரமான மண்ணுன்னு முடிவு பண்ணாங்கன்னு ஊர்ல சொல்லுவாங்க. கதைதான், ஆனா வேட்டை நாய் இல்லாத பாளையம் அந்தப் பக்கம் கெடையாது. எங்கூரு கருப்பசாமி கோயில்லயும் சாமி பக்கத்துல நாய் நிக்கும்.

ஒண்ணா வேறயாங்கற கேள்விக்கு வர்றேன். சிப்பிப்பாறைங்கறது விருதுநகர் மாவட்டத்துல இருக்கற ஊரு, ஊர்ப்பேர்தான் நாய்க்கு. சாம்பல், செவலை, மயிலைன்னு பல நெறத்துல வரும். கன்னின்னா உடம்பு கருப்பு, ரெண்டு புருவத்துக்கு மேல பொட்டு, கன்னம், நெஞ்சு, காலெல்லாம் செம்பழுப்பு. வெளுத்த நெறத்துல வந்தா பால்கன்னி. ரெண்டும் ஒரே இனத்துல நெறம் பிரிஞ்சதுன்னு சொல்றவங்களும் இருக்காங்க, தனித்தனி வம்சம்னு அடிச்சுச் சொல்றவங்களும் எங்க ஊர்லயே இருக்காங்க. நான் ரெண்டையும் கூட வச்சுப் பாத்தவன், கன்னி கொஞ்சம் கூச்சம் ஜாஸ்தி, எலும்பும் மெலிசு, அதனால தனின்னுதான் எனக்குத் தோணுது. 2020ல கர்னால்ல இருக்கற தேசிய கால்நடை மரபணு வள மையம் நாய் இனங்களப் பதிவு பண்ணப்ப ராஜபாளையம், சிப்பிப்பாறை, கர்நாடகாவோட முதோல் மூணையும் சேத்தாங்க. கன்னியையும் சேத்திருந்தா எங்களுக்கெல்லாம் எவ்வளவு சந்தோசமா இருந்திருக்கும்.

குணம். ஒரு ஆளத் தேர்ந்தெடுத்துக்கும், பெரும்பாலும் சோறு வைக்கறவங்களத்தான். வீட்டுக்குள்ள சத்தமே கேக்காது, தேவையில்லாம கொலைக்காது, சாயங்காலம் வரைக்கும் சுருண்டு படுத்துத் தூங்கும், அந்த வகையில ஃபிளாட்டுக்கு லாப்ரடாரை விட இது நல்லது. பந்து தூக்கிப் போட்டு எடுத்துட்டு வான்னா ரெண்டு தடவ எடுக்கும், அப்புறம் உங்க மூஞ்சியப் பாத்துட்டுப் போய் படுத்துக்கும். அதட்டுனா ரொம்ப நேரம் மனசுல வச்சிருக்கும், அடிச்சீங்கன்னா அதோட முடிஞ்சது, அப்புறம் கூப்பிட்டா வராது. விருந்தாளி வந்தா பாயாது, உள்ரூம்ல போய் நின்னுக்கும், அங்க போய் கைய நீட்டித் தொடக்கூடாது, அதுவா வரணும். பையனுக்கு இத மொதல்லயே சொல்லிருங்க. அசோசியேஷன்ல கேட்டா கடிக்கிற ஜாதி இல்லன்னு தைரியமா சொல்லலாம், ஆனா மூலையில மடக்குனா எந்த நாயும் கடிக்கும்.

மாடிவீடு_மேடவாக்கம்:

ரொம்ப ரொம்ப நன்றி அண்ணா. மாமியாருக்கு வாசிச்சுக் காட்டினேன், அவங்களும் எட்டயபுரம் பக்கம் பொறந்தவங்கதான், முயல் கதைய அவங்களே முடிச்சாங்க. அப்போ ஓடறதுக்கு என்ன பண்றது? காலையில அரை மணி நேரம் தெருவுல நடந்தா போதுமா? ஞாயித்துக்கிழமை பீச்சுல அவுத்து விடலாம்னு வீட்டுக்காரர் சொல்றார்.

கடலோரக்_காவல்:

பீச்சுல அவுத்து விடாதீங்க மேடம், தயவு செஞ்சு. ஜனவரிலேர்ந்து மார்ச், ஏப்ரல் வரைக்கும் நம்ம கடற்கரைக்கு பங்குனி ஆமை முட்டை போட வருது. நீலாங்கரைல ஆரம்பிச்சு பெசன்ட் நகர் வரைக்கும் ராத்திரி நடந்து முட்டைகள எடுத்துப் பொரிப்பகத்துல வைக்கற மாணவர் அமைப்பு 1988லேர்ந்து வேலை செய்யுது, அவங்களோட நானும் நடந்திருக்கேன். நாய் தோண்டிப் போட்ட குழிய கிட்டக்க பாத்திருக்கேன், முட்டை ஓடு ஈரமா தோல் மாதிரி சுருண்டு மணல்ல ஒட்டிட்டு இருக்கும், ஒரு குழியில நூத்துக்குப் பக்கமா இருக்கற முட்டைல ஒண்ணு கூட மிஞ்சியிருக்காது. சாதாரண நாய்க்கே இப்படின்னா வேட்டைக்குன்னே வளத்த நாய்க்கு சொல்லவே வேணாம்.

ஓஎம்ஆர்_ஓட்டம்:

அக்கா சொல்றதோட நானும் சேக்கறேன். நான் துரைப்பாக்கம், தெருவுல விட்டுட்டுப் போன ஒரு சிப்பிப்பாறைய எடுத்து வளக்கறேன். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் பக்கத்துல, கிண்டி பார்க் சுவரோரம், ஐஐடி பக்கம் இங்கெல்லாம் லீஷ் இல்லாம நெனச்சுக்கூட பாக்காதீங்க. ஐஐடிக்குள்ளயும் கிண்டிக்குள்ளயும் புள்ளிமானும் வெளிமானும் இருக்கு, ஒரு மான் ஓடறத இவன் பாத்துட்டான்னா அப்புறம் நீங்க கூப்பிடறது அவன் காதுலயே விழாது. இது பழக்கம் பத்தல, ட்ரெய்னிங் பத்தலன்னு இல்ல, வீட்ல பேர் சொன்னா தலைய திருப்பற அதே நாய்தான். துரத்த ஆரம்பிச்சா கண்ணு மட்டும்தான் வேலை செய்யும். ரோட்டுல ஆட்டோ பின்னாடி பூனை ஓடுச்சுன்னாலும் இதேதான், ரேடியல் ரோடு மாதிரி எடத்துல உயிரே போயிடும்.

நான் என்ன பண்றேன்னா, இந்தப் பக்கம் ஃபுட்பால் டர்ஃப் நிறைய வந்துடுச்சுல்ல, சுத்தி வலை போட்டது, விடிகாலைல ஆள் இருக்காது, ஓனர்கிட்ட பேசி ஒரு அரை மணி நேரம் வாடகைக்கு எடுத்துக்கறேன். எல்லாரும் நாயை விட மாட்டாங்க, கேட்டுப் பாக்கணும், அள்ளறதுக்கு கவர் எடுத்துட்டுப் போகணும். நாலு ரவுண்டு மின்னல் வேகத்துல சுத்துவான், நாக்க தொங்கப் போட்டுட்டு வந்து படுப்பான், அவ்வளவுதான், அன்னைக்குப் பூரா வீட்ல அவன் இருக்கறதே தெரியாது. டர்ஃப் கெடைக்காத நாள்ல மொட்டை மாடியில ஒரு கம்பு நுனியில கயிறு கட்டி அதுல பழைய துணிய முடிஞ்சு சுத்தி விடுவேன், அதத் துரத்துவான். கைப்பிடிச் சுவர் உசரமா இருக்கான்னு பாத்துக்கங்க, இவங்க தாண்டற உசரத்த நம்பவே முடியாது. தெருவுல நடக்கறது தெனம் ரெண்டு வேளை வேணும், ஆனா அது மோப்பம் பிடிக்கவும் வெளிக்குப் போகவும்தான், ஓட்டம் தனி.

கரிசக்காட்டான்:

தம்பி சொன்னது நூத்துக்கு நூறு. ஒரு விஷயம் விட்டுட்டாப்ல, காலர். கன்னிக்கு கழுத்து தலைய விடப் பெருசு. சாதா காலர் போட்டு நீங்க முன்னாடி இழுக்க, அது பயந்து பின்னாடி ஒரு எட்டு வச்சு தலையக் குனிஞ்சா போதும், காலர் உங்க கையில, நாய் ரோட்டுல. எங்க தெருவுல ஒரு கல்யாண ஊர்வலத்துல அதிர்வேட்டு போட்டப்ப பக்கத்து வீட்டு நாய் அப்படித்தான் கழண்டுட்டு ஜிஎஸ்டி ரோடு வரைக்கும் போயிருச்சு. அகலமான பட்டைல, இழுத்தா கழுத்து அளவுக்கு மட்டும் இறுகி நிக்கற மார்டிங்கேல் காலர் வாங்குங்க. ரெண்டு வெரல் நுழையற அளவுக்கு வச்சு, காதுக்குப் பின்னாடி கழுத்தோட மேல்பக்கமா போடணும். இழுத்து இழுத்து முன்னால நீளற ரோலர் லீஷ் கண்டிப்பா வேணாம், பத்தடி ஓட எடம் குடுத்தா அதுக்குள்ளயே முழு வேகம் எடுத்துரும், கழுத்தெலும்பு என்னாகும்?

புதுசா_வந்தவன்:

அண்ணே ஒரு டவுட். என் ஃப்ரெண்டு ஒருத்தர் மூலமா ஃபுல் சைஸ் சிப்பி கெடைக்குது, 32 இன்ச் வரும்னு சொல்றாங்க, அப்பனோட வீடியோவும் அனுப்பினாங்க, செம்ம பாடி. குட்டிக்கு நாப்பது நாள் ஆச்சாம். எடுக்கலாமா? ஷோவுக்குப் போடலாம்னு ஆசை.

கரிசக்காட்டான்:

வேணாம் தம்பி. கோவமா சொல்லல, காரணம் சொல்றேன். சிப்பிப்பாறை ஆண் நாய் 25 இன்ச் சுத்தி நிக்கும், அதுக்கு மேல கொஞ்சம் போகலாம். 32ன்னு ஒருத்தர் சொன்னா அதுல கிரேஹவுண்டு ரத்தம் கலந்திருக்கணும், இல்ல அளவு பொய்யா இருக்கணும். 2020 ஆகஸ்ட்ல பிரதமர் மன் கி பாத்ல ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பைன்னு பேர் சொல்லிப் பேசினாரு, நல்ல விஷயம்தான், ஆனா அதுக்கப்புறம் எங்கூருப் பக்கம் வந்து விசாரிக்கற கார் கூடிருச்சு, கூடவே பெருசா வேணும், கனமா வேணும்னு கேக்கறவங்களும் கூடிட்டாங்க. கேக்கறவனுக்குத் தோதா கலக்கறாங்க. அந்த நாய் கம்பங்கூழும் மோரும் குடிச்சு, வெயில்ல காஞ்சு, தலைமுறை தலைமுறையா தாங்குன ஒடம்பு. அத பெருசாக்கறேன்னு சொல்லி எதுக்காக அத மதிக்கறோமோ அதையே அழிச்சர்றோம். நூறு வருசம் கழிச்சு ஒரு கரிசக்காட்டுப் பையன் நெஜ கன்னியப் பாக்கணும்னு எனக்கு ஆசை, அதுக்கு நீ நான் மாதிரி ஆளுங்க இன்னைக்கு வேணாம்னு சொன்னாதான் முடியும்.

நாப்பது நாள்னா இன்னும் ஆறு வாரம்கூட ஆகல. 2017ல வந்த நாய் வளர்ப்பு விற்பனை விதிப்படி எட்டு வாரத்துக்குக் கொறைஞ்ச குட்டிய விக்கவே கூடாது, விக்கற ஆளு மாநில விலங்கு நல வாரியத்துல பதிவு பண்ணியிருக்கணும், தாய் நாய்க்கு ஒன்றரை வயசு ஆகியிருக்கணும், வாழ்நாள்ல அஞ்சு ஈத்துக்கு மேல போகக்கூடாது. இதையெல்லாம் கேளு. வீடியோவுல அப்பனக் காட்டுனாங்கல்ல, ஆத்தாளக் காட்டச் சொல்லு, நேர்ல போ, குட்டி அவ மடியில பால் குடிக்கறத உன் கண்ணால பாரு. காட்டமாட்டேன்னா திரும்பி வந்துரு.

பெரம்பூர்_லோகோ:

இதுல நானும் ஒண்ணு சொல்லணும்பா. ராஜபாளையம் எடுக்கறவங்க காது கேக்குதான்னு செக் பண்ணிட்டு எடுங்க. தோலுக்கும் முடிக்கும் நெறம் குடுக்கற உயிரணு உள்காதுலயும் இருக்கணும், சுத்த வெள்ளையா வேணும் வேணும்னு அதையே தேடிப் பிடிச்சு நெருங்கின சொந்தத்துக்குள்ள சேத்ததுல அது கொறைஞ்சுபோயி செவிட்டுக் குட்டி பொறக்கறது ரொம்ப நாளா இருக்கற பிரச்சினை. அஞ்சாறு வாரத்துக் குட்டிய தனியா ஒரு ரூமுக்கு எடுத்துட்டுப் போங்க, கூடப் பொறந்ததுங்க இருந்தா அதப் பாத்து இதுவும் திரும்பும், நமக்குத் தெரியாது. அது வேற பக்கம் பாக்கறப்ப பின்னாடி நின்னு சாவிக்கொத்த ஒரு தடவ ஆட்டுங்க. கைதட்டினா காத்து படும், தரைய ஒதச்சா அதிர்வு தெரியும், அதுக்குத் திரும்பினா காது கேக்குதுன்னு அர்த்தம் இல்ல. ஒரு காது மட்டும் செவிடா இருந்தா இதுலயும் தெரியாது, அதுக்கு மூளை அலைய வச்சுப் பாக்கற டெஸ்ட் இருக்கு. செவிட்டு நாயையும் கை ஜாடையில நல்லா வளக்கலாம், நான் பாத்திருக்கேன், ஆனா அத மறுபடி ஜோடி சேக்கக் கூடாது.

சைதாப்பேட்டைல 1980-81லேயே அரசாங்கம் நம்ம நாய்ங்களுக்குன்னு இனப்பெருக்கப் பிரிவு ஆரம்பிச்சாங்க, மெட்ராஸ்ல நெறைய பேர் மொதல்ல ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறைய நேர்ல பாத்தது அங்கதான். அந்த மாதிரி கணக்கு வச்சு ஜோடி சேக்கற எடங்க நெறைய வேணும்.

புதுசா_வந்தவன்:

ஓகே அண்ணே, நாளைக்கு தாய் நாயைக் காட்டச் சொல்லிக் கேக்கறேன். காட்டலன்னா விட்டுடறேன்.

ஊசிமருந்து:

இழையை ரெண்டு நாளா படிக்கிறேன், நான் கால்நடை மருத்துவர், வடசென்னைல கிளினிக். மேடம் ஊசி பத்திக் கேட்டிருந்தாங்க, யாரும் இன்னும் சொல்லல.

முதல் தடுப்பூசி ஆறு எட்டு வாரத்துல ஆரம்பிக்கணும், மூணு நாலு வாரத்துக்கு ஒரு தடவ, குட்டிக்கு 16 வாரம் ஆகற வரைக்கும் தொடரணும். பார்வோ, டிஸ்டெம்பர்னு குட்டிய கொல்ற ரெண்டு வைரஸ் நோய்க்கும் இதுலயே காப்பு வந்துடும், லெப்டோவும் சேர்ந்ததா கேட்டுப் போடுங்க, மழைக்காலத்துல மேடவாக்கம் வேளச்சேரி பக்கம் தண்ணி தேங்கறதும் எலி இருக்கறதும் உங்களுக்கே தெரியும், அந்தத் தண்ணில நாய் நடந்தா வர்ற காய்ச்சல் அது, மனுஷங்களுக்கும் வரும். வெறிநாய் ஊசி மூணு மாசத்துல, அப்புறம் வருஷா வருஷம். பூச்சி மருந்து குட்டில ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ, மூணு மாசத்துலேர்ந்து ஆறு மாசம் வரைக்கும் மாசம் ஒரு தடவ, அப்புறம் மூணு மாசத்துக்கு ஒரு தடவ. மாநகராட்சி லைசென்ஸுக்கும் வெறிநாய் ஊசி சர்டிஃபிகேட் கேப்பாங்க, மைக்ரோசிப்பும் போட்டுடுங்க, ஓடிப்போற வாய்ப்பு இருக்கற நாய்க்கு அது ரொம்ப முக்கியம்.

சென்னைல நான் அதிகமா பாக்கறது உண்ணிக் காய்ச்சல். நாயோட உடம்புல இருக்கற உண்ணி கொஞ்சம்தான், மத்ததெல்லாம் சுவர் விரிசல்ல, கதவு இடுக்குல, சோஃபா அடியில முட்டை போட்டு உக்காந்திருக்கும், நாய்க்கு மட்டும் மருந்து போட்டு வீட்டை விட்டுட்டா திரும்பத் திரும்ப வரும். மாசத்துக்கு ஒரு தடவ குடுக்கற உண்ணி மாத்திரையை எடை பாத்து வாங்கிக் குடுங்க. சாப்பிடாம படுத்துட்டா, ஈறு வெளுத்தா, மூக்குல ரத்தம் வந்தா அன்னைக்கே கூட்டிட்டு வாங்க. காத்திருக்காதீங்க. வேப்பேரி கால்நடைக் கல்லூரி மருத்துவமனைல ரத்தப் பரிசோதனை எல்லாம் செய்வாங்க, 1903லேர்ந்து இருக்கற கல்லூரி, கூட்டம் இருக்கும், காலைலயே போயிடுங்க.

இப்ப முக்கியமானது. ஓடற நாயோட உடம்பு மத்த நாய் உடம்பு இல்ல. கொழுப்பு ரொம்பக் கம்மி, சில மயக்க மருந்துகளைக் கரைக்கிற ஈரல் வேலையும் மெதுவா நடக்கும். கிரேஹவுண்டுல இது நல்லாவே ஆராய்ஞ்சு தெரிஞ்ச விஷயம், தயோபென்டோன் மாதிரி பழைய மயக்க மருந்து குடுத்தா மணிக்கணக்கா எழுந்திருக்காது. நம்ம கன்னி, சிப்பிப்பாறைக்கும் உடம்பு வாகு அதேதான்னால நான் அதே ஜாக்கிரதையோடதான் கத்தி வைப்பேன். கருத்தடை ஆபரேஷனுக்குப் போறப்ப டாக்டர்கிட்ட இது ஓடற இனம்னு வாய்விட்டுச் சொல்லுங்க, என்ன மயக்க மருந்துன்னு கேளுங்க, கேக்கறதுல தப்பே இல்ல. மயக்கத்துல உடம்பு சீக்கிரம் சில்லுன்னு ஆகும், போர்வை எடுத்துட்டுப் போங்க. இன்னொண்ணு, கிரேஹவுண்டுக்கு ரத்தத்துல சிவப்பணு அளவு சாதாரணமாவே அதிகம், மத்த நாய்க்கு 37லேர்ந்து 55 சதவீதம்னா இதுக்கு அறுபதைத் தாண்டறது சகஜம், பிளேட்லெட் கம்மி. அதனால ரிப்போர்ட்ல ஒரு நம்பரை மட்டும் பாத்து உண்ணிக் காய்ச்சல்னு முடிவு பண்ணக் கூடாது, ஆரோக்கியமா இருக்கும்போதே ஒரு தடவ ரத்தம் எடுத்து வச்சுக்கிட்டா பின்னாடி ஒப்பிட்டுப் பாக்க உதவும்.

மாடிவீடு_மேடவாக்கம்:

டாக்டர், இத எந்த யூடியூப்லயும் சொல்லல. ரொம்ப நன்றி. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கிட்டேன். சாப்பாடு பத்தியும் சொல்லிடுங்களேன். எங்க வீட்ல நான்வெஜ் வாரத்துல ஒரு நாள்தான்.

ஓஎம்ஆர்_ஓட்டம்:

நான் குடுக்கறத சொல்றேன் மேடம், டாக்டர் திருத்தட்டும். குட்டிக்கு ஆறு மாசம் வரைக்கும் மூணு நாலு வேளை, அப்புறம் ரெண்டு வேளை. அரிசி இல்லன்னா கம்பு இல்லன்னா கேழ்வரகு, கூட வேக வச்ச கோழி, முட்டை, பூசணி கேரட் ஏதாவது ஒண்ணு, தயிர். நம்ம சாம்பார் சோறு ரசம் சோறு கூடாது, வெங்காயம் பூண்டு நாய் ரத்தத்துக்கு ஆகாது. திராட்சை, சாக்லேட் ரெண்டும் விஷம். வெந்த எலும்பு குடுக்காதீங்க, ஊசியா ஒடஞ்சு குடல்ல குத்தும். ஓடிட்டு வந்த உடனே சோறு வைக்காதீங்க, சாப்பிட்ட உடனே ஓட விடாதீங்க, நெஞ்சு ஆழமா இருக்கற நாய்க்கு வயிறு உப்பி முறுக்கிக்கும், அது நடந்தா சில மணி நேரம்தான் கையில இருக்கு.

அப்புறம் ஒண்ணு, ஜனங்க பேச்சுக்குத் தயாரா இருங்க. கடைசி ரெண்டு மூணு விலா எலும்பும் இடுப்பு எலும்பும் லேசா தெரியறதுதான் இதுக்கு ஆரோக்கியம். எங்க அபார்ட்மென்ட்ல ஒரு பாட்டி தெனம் நிறுத்தி, ஏம்பா வாயில்லா ஜீவனுக்கு சோறு போட மாட்டியான்னு கேப்பாங்க. அவங்களுக்காக ஏத்திட்டா மூட்டு போயிடும்.

ஊசிமருந்து:

தம்பி சொன்னது சரி. மாமிசம் வாரத்துல ஒரு நாள் மட்டும்னா வளர்ற குட்டிக்குப் பத்தாது, தினமும் முட்டையாவது வேணும், இல்லன்னா நல்ல குட்டித் தீவனமும் வீட்டுச் சாப்பாடும் கலந்து வைக்கலாம். கால்சியம் டானிக் கடைக்காரர் குடுக்கறார்னு ஊத்தாதீங்க, அளவு தப்பினா எலும்பு வளைஞ்சுடும். தரை டைல்ஸா இருந்தா பழைய மெத்தை விரிப்பு ஒண்ணு மடிச்சுப் போடுங்க, தோலுக்கும் எலும்புக்கும் நடுவுல சதையே இல்லாததால முழங்கைல நீர் கட்டி வீங்கி நிறைய பேர் கூட்டிட்டு வர்றாங்க. மார்கழில நடுங்கும், ஒரு பழைய டீ-ஷர்ட் போதும். வெயில் தாங்கும்னு மத்தியானம் தார் ரோட்ல கூட்டிட்டுப் போகாதீங்க, புறங்கையை ரோட்ல வச்சுப் பாத்து நமக்கு சுட்டா அதுக்கும் சுடும்.

கடலோரக்_காவல்:

இன்னொண்ணு கேக்கணும். வேட்டைக்கு கூட்டிட்டுப் போறோம்னு சில க்ரூப்ல வீடியோ போடறாங்களே, அது?

கரிசக்காட்டான்:

அது குத்தம். 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல முயல் வேட்டைக்கு தடை. சிவராத்திரி சமயத்துல சிவகங்கை, மதுரைப் பக்கம் பாரி வேட்டைன்னு வழக்கமா போவாங்க, அதையும் வனத்துறை தடுக்கத்தான் செய்யுது, அதுதான் நியாயம். எங்க தாத்தா காலத்துல காடு இருந்துச்சு முயலும் இருந்துச்சு, இப்ப முயல் இருக்கற எடமே விரல் விட்டு எண்ணலாம். வேட்டை இல்லாட்டி இந்த நாய்க்கு மதிப்பு இல்லன்னு பேசறவங்க இருக்காங்க, நான் ஒத்துக்க மாட்டேன். அதுக்கு வேணுங்கறது ஓட்டமும் ஒரு ஆளோட நம்பிக்கையும்தான். முயலுக்குப் பதிலா தம்பி கட்டுன துணிய வெரட்டுனாலும் அதே சந்தோசம் அது கண்ணுல தெரியும்.

மாடிவீடு_மேடவாக்கம்:

வீட்ல பேசியாச்சு. காலையில வீட்டுக்காரர், சாயங்காலம் நான் நடத்தறதுன்னு முடிவு, டர்ஃபுக்கு பக்கத்துல ஒரு எடத்துல கேட்டோம், காலை ஆறு மணிக்கு முன்னாடின்னா சரின்னுட்டாங்க. குட்டிக்கு எட்டு வாரம் முடிஞ்சதும் கூட்டிட்டு வரப் போறோம். ட்ரெய்ன்ல கொண்டு வரலாமா கார்லயா? முதல் ஊசி அங்கயே போட்டுட்டாங்களாம்.

கரிசக்காட்டான்:

சந்தோசம் தங்கச்சி. ட்ரெய்ன்னா ஃபர்ஸ்ட் ஏசி கூபே முழுசா கெடைச்சா கூட வச்சுக்கலாம், இல்லாட்டி கார்டு வண்டி பெட்டிலதான், சின்னக் குட்டிக்கு அந்தப் பெட்டி ஆகாது. கார்லயே வாங்க, ராத்திரி கெளம்பி விடியறப்ப வந்துருங்க. கெளம்பறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே சோத்த நிறுத்திருங்க, வாந்தி எடுக்காது. ஆத்தா படுத்திருந்த சாக்கோ துணியோ ஒண்ண வாங்கி கூட வச்சுக்கங்க. வழியில ஹோட்டல் வாசல்லயோ டோல்கேட் பக்கமோ குட்டிய தரையில விடவே விடாதீங்க, ஒரு ஊசி மட்டும் போட்ட குட்டி பார்வோவ தாங்காது, ஊர் ஊரா வர்ற நாயெல்லாம் போன எடம் அது. பழைய தினத்தந்தி பேப்பர் நாலு எடுத்துப் போங்க, கார்லயே விரிச்சு விட்டுருங்க. ஊசி போட்ட அட்டைய கையோட வாங்கிருங்க, அதுல ஊசி மருந்தோட ஸ்டிக்கர் ஒட்டியிருக்கான்னு பாருங்க. அடுத்த ஊசி தேதிய இங்க எழுதுன டாக்டர்கிட்டயோ உங்க பக்கத்து டாக்டர்கிட்டயோ அந்த அட்டையக் காட்டியே முடிவு பண்ணுங்க.